பொய் நிச்சயமும் மெய்ச் சாட்சியும்

மாத நாவல்களிலும் நெடுந்தொடர்களிலும் சலிக்காமல் திரும்பி வரும் கதை ஒன்று உண்டு. ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் இருவர், வீட்டாரின் வரன் பார்க்கும் நச்சரிப்பிலிருந்து தப்பிக்க, தங்களுக்கு நிச்சயமாகிவிட்டதாக நடிப்பார்கள். மோதிரம் மாறும், குலதெய்வத்துக்கு அர்ச்சனை நடக்கும், நடிப்பு மெல்லக் காதலாகும். பொழுதுபோக்குதான். ஆனாலும் மனத்தில் இல்லாத சொல்லைச் சபையிலும் சந்நிதியிலும் சொன்னால் அது யாரைக் கட்டும் என்ற கனமான கேள்வி அதற்குள் இருக்கிறது. தமிழ் மரபு அந்தக் கேள்வியை ஒரு வழக்காகவே விசாரித்திருக்கிறது. விசாரணை நடந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் ஊர், இன்றைய விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூர்.

புத்தூரில் சடங்கவி சிவாச்சாரியாரின் மகளுக்கும் சைவ நாயனாரான சுந்தரருக்கும் மணம் நடக்க இருந்த வேளையில் ஒரு முதியவர் வந்து, மாப்பிள்ளை தனக்கு வழிவழி அடிமை என்று ஓலை நீட்டினார். பொய் என்று சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்தார். கிழிந்தது படிதான், மூல ஓலை தன்னிடம் இருக்கிறது என்றார் முதியவர். வழக்கு வெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போயிற்று. ஊர் வழக்கம், ஆவணம், கண்ட சாட்சி ஆகியவையே அங்கே பேசப்பட்டன. பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சுந்தரர் என்ன நினைத்தார் என்பது தீர்ப்பை மாற்றவில்லை. எழுதிக் கொடுத்த சொல் பேரனையும் கட்டியது. வந்தவர் சிவபெருமான் என்பது பிறகு தெரிகிறது. அவ்வூர் அருட்டுறைக் கோயிலில் ‘வழக்கு வென்ற திருவம்பலம்’ என்ற மண்டபம் இன்றும் அந்தத் தீர்ப்பின் பெயரைச் சுமந்து நிற்கிறது.

அங்கே பொய்யென்று நினைத்தது மெய்யாயிற்று என்றால், திருவொற்றியூரில் வேண்டுமென்றே ஒரு பொய் தயாரானது. கோயிலில் பூத்தொடுக்கும் பணியில் இருந்த சங்கிலியாரைச் சுந்தரர் அந்தப் பணியிடத்திலேயே கண்டு விரும்பினார். அவரை மணக்க, பிரியேன் என்று சந்நிதியில் சத்தியம் செய்யவேண்டி வந்தது. திருவாரூரில் மனைவி பரவையார் இருக்க, பிரியாமல் இருக்க முடியாதென்று அவருக்குத் தெரியும். ஆகவே சத்தியம் செய்யும் நேரத்தில் கருவறையை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடும்படி இறைவனையே கேட்டுக்கொண்டார். இறைவனோ, மரத்தடியிலேயே சத்தியம் கேட்கும்படி சங்கிலியாருக்குக் கனவில் உணர்த்திவிட்டார். சொன்ன சொல்லை மீறி ஒற்றியூர் எல்லை தாண்டிய சுந்தரர் இரு கண் பார்வையையும் இழந்தார். மாசித் திருவிழாவில் மகிழடி சேவையாக அவ்வூர் இதை ஆண்டுதோறும் நடத்திக் காட்டுகிறது.

இவை புராணம், இறைவனின் திருவிளையாடல். இவற்றை வைத்து இன்றைய வாழ்க்கையை அளக்கலாமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் நீதிமன்றங்களும் இதே முடிச்சைத்தான் அவிழ்த்துக்கொண்டிருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-ஆம் பிரிவு, நிறைவேற்றும் எண்ணமே இன்றி மணப்பதாக வாக்களித்துப் பெண்ணோடு உடலுறவு கொள்வதற்குப் பத்தாண்டு வரை சிறை என்கிறது. வேலை, பதவி உயர்வு தருவதாகப் பொய்யாக ஆசை காட்டுவதையும் அதே வஞ்சனைக் கணக்கில் சேர்க்கிறது. முதலிலிருந்தே பொய்யான வாக்கு வேறு, பிற்பாடு முறிந்த வாக்கு வேறு என்று உச்ச நீதிமன்றமும் பிரித்துச் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் 1967-இல் வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டப்படி, இந்துக்கள் இருவர் உற்றார் நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டே மணம் புரியலாம். நிச்சய மோதிரம் தானாகத் திருமணம் ஆகிவிடாது, மணக்கும் நோக்கம் வேண்டும். என்றாலும் விளையாட்டுக்கும் மணத்துக்கும் நடுவே இங்கே எவ்வளவு மெல்லிய கோடு இருக்கிறது என்பதை அச்சட்டம் காட்டுகிறது.

இருவரும் ஒப்புக்கொண்டு நடித்தால் யாருக்கு நஷ்டம் என்பது அடுத்த மறுப்பு. நிச்சயதார்த்தம் இருவரோடு முடிகிற காரியமென்றால் இந்த மறுப்பு நிற்கும். ஆனால் தட்டு மாற்றும் பெற்றோர், பத்திரிகை வாசிப்பதைக் கேட்டிருக்கும் உறவினர், வேண்டிக்கொள்ளும் பாட்டி என எல்லோரும் அதில் சாட்சிகள். அவர்களுடைய நம்பிக்கைதான் அந்த நடிப்புக்கு முதல். முறியும்போது சுமையும் சமமாக விழுவதில்லை. புத்தூர்ப் பெண் சுந்தரரையே நினைந்திருந்து சிவலோகம் சேர்ந்ததாகப் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் சொல்கிறார். தாலி ஏறாத மணமும் அவளுக்கு வாழ்நாள் முழுதும் மணமாகவே இருந்துவிட்டது. சங்கிலியாருக்கும் பிரிவு நேர்ந்தது. ஆனால் சாட்சி எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்திருந்ததால், அவர் வாங்கிய சத்தியம் வெறும் வார்த்தையாகப் போகவில்லை. ஆகவே பொய் நிச்சயக் கதைகளை வெறுக்கத் தேவையில்லை. அவற்றில் யாரெல்லாம் உண்மை தெரியாமல் ஆசி வழங்கினார்கள் என்று மட்டும் எண்ணிப் பார்த்தால் போதும். காதல் கனிந்த பிறகும் அவர்களுக்கு ஒரு விளக்கம் பாக்கியிருக்கிறது.