மூக்கு இங்கிலாந்து, உடம்பு பிரான்ஸ்!

ஒரு விமானத்தின் மூக்கை இன்னொரு விமானம் கடன் வாங்கிப் பறந்த கதை தெரியுமா? உலகின் முதல் பயணிகள் ஜெட்டான இங்கிலாந்தின் காமெட், 1954இல் அடுத்தடுத்து இரண்டு விபத்துகளில் நடுவானில் உடைந்து நொறுங்கி, பறக்கவே தடை விதிக்கப்பட்டுக் கிடந்தது. ஆனால் அதன் மூக்கையும் விமானி அறையையும் அதே வடிவில் வைத்துக்கொண்ட பிரெஞ்சு 'காரவெல்', 1955 மே 27 அன்று துலூஸ் நகரில் ஜம்மென்று மேலே கிளம்பிவிட்டது!

அதைவிடப் பெரிய வேடிக்கை வால் பக்கம். எஞ்சினை இறக்கையில் வைக்காமல் பின்னுக்குத் தள்ளிய முதல் பயணிகள் ஜெட் இதுதான். முதலில் மூன்று எஞ்சின் போடத்தான் திட்டம். ரோல்ஸ்ராய்ஸின் 'ஏவான்' வலுவாக அமைந்ததால் இரண்டே போதும் என்றாகிவிட்டது. இரைச்சலெல்லாம் வாலோடு போயிற்று, இறக்கை துடைத்துவிட்டது போல் ஆனது. அந்த இறக்கையை நம்பி 1959இல் ஒரு காரியம் செய்தார்கள் பாருங்கள்: பாரிஸுக்கு மேலே உயரத்தில் ஏறி, எஞ்சின் விசையை அறவே குறைத்து, 250 கிலோமீட்டருக்கு மேல் சறுக்கியபடியே திஜோன் நகரம் வரை போனார்கள். பருந்துக்குப் பொறாமை வந்திருக்கும்!

ஜன்னலைப் பார்த்திருக்கிறீர்களா? முக்கோணம்! மூலைகள் மழுங்கிய, மேலே குறுகிக் கீழே அகன்ற முக்கோணம். பயணி எதைப் பார்க்கிறார்? வானத்தையா? குனிந்து தரையைத்தானே! அதனால் கீழ்ப்பக்கம் அகலம், வேண்டாத மேல்பக்கம் மிச்சம். இத்தனை எளிய யோசனை பிறகு யாருக்கும் ஏன் பிடிக்காமல் போனதோ.

படிக்கட்டையும் தன் வாலுக்கடியிலேயே மடித்துக் கொண்டுபோகும். இறக்கிவிட்டால் பயணிகள் ஏற வழி. கனமான வால் தரையில் சாய்ந்துவிடாமல் முட்டுக்கொடுக்கும் காலும் அதுவே.

அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம் இதில் 20 வாங்கியது. நியூயார்க் – சிகாகோ தடத்தில் அந்த நிறுவனம் காரவெல்களை வைத்தும் நடத்திய ஒரு சேவையில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது! ஆண்கள் மட்டும், கையில் சுருட்டோடு. பரிமாறியவர்கள் மட்டும் பெண்கள். 1970 வரை இந்தக் கூத்து நடந்தது.

1969 ஜனவரியில் பாரிஸின் ஓர்லி நிலையத்தை மூடுபனி மூடியிருக்க, லியோனிலிருந்து பயணிகளோடு வந்த, ஏர் இன்டர் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் காரவெல் தானியங்கிக் கருவியை நம்பித் தரையைத் தொட்டது. அப்படிப்பட்ட பனியில் பயணிகளோடு தானாக இறங்கிய முதல் விமானம் அதுதான்!

இந்தியன் ஏர்லைன்ஸும் 1960களில் காரவெல்களை ஓட்டியது. அடுத்ததைத் 'தெரியுமா' என்று கேட்க மனம் வரவில்லை. 1976 அக்டோபர் 12 அன்று பம்பாயிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய காரவெல், எஞ்சின் பழுதாகித் தீப்பிடித்து, திரும்பி இறங்க முயன்றபோது விழுந்தது. அதில் இருந்த 95 பேரும் இறந்தார்கள். நடிகை ராணி சந்திரா அவர்களில் ஒருவர். அப்போது அவர் நடித்துக்கொண்டிருந்த 'பத்ரகாளி' படத்தின் மீதிக் காட்சிகளை, அவரைப் போலவே தோற்றம் கொண்ட இன்னொரு பெண்ணை வைத்து எடுத்து முடித்தார்கள்.