அவருக்கு கியர் சைக்கிள், எனக்குக் கூடை சைக்கிளா?



நகை வாங்கியது, மனை வாங்கி ஏமாந்தது, கிரைண்டர் வாங்கி மாற்றியது என்று நம் பகுதியில் எத்தனையோ பேர் எழுதுகிறீர்கள். நான் எழுதப் போவது சைக்கிள் வாங்கிய கதை. ஒன்றல்ல, இரண்டு. "சைக்கிள்ல என்ன பெரிய கதை?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். எங்கள் வீட்டில் இதற்காக மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது!

என் வீட்டுக்காரர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறார். நான் குடோனில் ஏலக்காய் தரம் பிரிக்கிறேன். இரண்டு பேருக்கும் உட்கார்ந்த இடத்தில் வேலை. அவருக்குச் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, எனக்கு இடுப்பு வலி. டாக்டர் நடக்கச் சொன்னார். பத்து நாள் நடந்தோம், பதினோராம் நாள் மழை. அத்தோடு சரி.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், காலையில் வாசல் தெளிக்கும்போதே எதிரில் மலை நிற்கும். போடிமெட்டுக்கு 25 கி.மீ. சொச்சம்தான். ஆனால் முந்தல் தாண்டியதும் ஏற்றம். 17 கொண்டை ஊசி வளைவுகள். ஊருக்கும் மெட்டுக்கும் உயர வித்தியாசம் ஆயிரம் மீட்டருக்கு மேல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெட்டுக்கு பஸ்ஸில் போனபோது வெளியூர்ப் பையன்கள் நாலைந்து பேர் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தார்கள். இவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே, "நாமளும் ஆளுக்கு ஒண்ணு வாங்கிருவோமா?" என்றார். நானும் தலையாட்டி விட்டேன்.

என் சீட்டுப் பணம் 15,000, அவருடைய போனஸ் 12,000. மொத்தம் 27,000 ரூபாய். இதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று பேசிக்கொண்டுதான் கடைக்குப் போனோம்.

கடைக்குள் நுழைந்ததும் இவர் கண் ஒரு சைக்கிள் மேல் போய்விட்டது. முன்னாலும் ஷாக் அப்சார்பர், பின்னாலும் ஷாக் அப்சார்பர், ரெண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், 21 கியர். விலை 18,500. கடைக்காரப் பையன் என்னைப் பார்த்து, "அக்காவுக்கு லேடீஸ் மாடல் இருக்கு" என்று ரோஸ் கலரில் கூடை வைத்த ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தான். கியர் கிடையாது. 7,500 ரூபாய்.

"பரவாயில்லையே, கணக்கு சரியா வருது" என்றார் என் வீட்டுக்காரர். கணக்கு எழுதுகிறவர் இல்லையா!

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "ஏங்க, மேடு உங்களுக்குத்தான் மேடா, எனக்கு மட்டும் தரையா?" என்று கேட்டுவிட்டேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இவருக்கு முகம் சுருங்கிவிட்டது. வாங்காமலே திரும்பினோம். அதுதான் அந்த மூன்று நாள்.

நாலாவது நாள், எங்கள் தெரு முனையில் முப்பது வருடமாகப் பஞ்சர் ஒட்டுகிற மெக்கானிக் அண்ணன்தான் சமாதானம் செய்து வைத்தார். எனக்குப் பழைய கியர் இல்லாத சைக்கிள் ஒன்று உண்டு. அவரிடம் ரிப்பேருக்கு வந்த 21 கியர் சைக்கிளையும் எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்தார். "தங்கச்சி, கோலப்பொடி எடுத்துட்டு வா" என்றார்.

சக்கரம் தரையில் படும் இடத்தில் ஒரு கோடு போட்டு, பெடலைச் சரியாக ஒரு சுற்று சுற்றி, சைக்கிள் போய் நின்ற இடத்தில் இன்னொரு கோடு. என் பழைய சைக்கிள் ஒரு சுற்றுக்கு 5 மீட்டர் போனது. கியர் சைக்கிளில் செயினை முன்னால் சின்னப் பல்சக்கரத்துக்கும் பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கும் மாற்றி அதே மாதிரி சுற்றினார். இரண்டு மீட்டர்கூடப் போகவில்லை.

"பார்த்தீங்களா சார்? படிக்கட்டுல ஒவ்வொரு படியா ஏறுறதுக்கும், மூணு மூணு படியாத் தாவுறதுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தாவுற சைக்கிள தங்கச்சிகிட்ட குடுத்துட்டு, ஒவ்வொரு படியா ஏறுறத நீங்க வச்சுக்கிட்டா எப்படி?"

இவர் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து அந்த இரண்டு கோட்டையும் ரொம்ப நேரம் பார்த்தார். மறுநாள் காலையில், "ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரியே பார்ப்போம்" என்றார்.

சகோதரிகளே, நான் சொல்ல வந்தது இந்த இடம்தான். வீட்டில் இரண்டு பேருக்கு வாங்கும்போது பெரிய பங்கு அவருக்கு, மிச்சம் நமக்கு என்று நாமே பழகிவிட்டோம். மலைக்கு அந்தக் கணக்கு செல்லாது. காலில் பலம் குறைந்தவருக்குத்தான் சின்ன கியர் அவசியம். அவர் கியர் இல்லாமல் கொஞ்ச தூரமாவது எழுந்து நின்று மிதித்துவிடுவார். நான் முந்தலைத் தாண்ட மாட்டேன்.

லேடீஸ் சைக்கிள் என்றால் நமக்குத்தான் என்று கடைக்காரர் தீர்மானிப்பதும் வேண்டாம். 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் அங்கே கலெக்டராக இருந்தார். எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்ததோடு, கிராமத்துப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிளில் புதுக்கோட்டையை வலம் வந்ததைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். அதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், சில பெண்கள் வேண்டுமென்றே ஜென்ட்ஸ் சைக்கிளைத்தான் கேட்டு வாங்கினார்களாம். ஏன் தெரியுமா? சீட்டுக்கும் ஹேண்டில் பாருக்கும் நடுவில் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே! தங்களுக்கு எது தேவை என்று பார்த்து வாங்கியிருக்கிறார்கள் பாருங்கள்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். 27,000-ஐயும் சைக்கிளுக்கே கொட்டவில்லை. ஒன்று 11,400 வீதம் இரண்டு, 22,800. மீதி 4,200-ல் ஹெல்மெட் இரண்டு 1,800, காற்றடிக்கும் பம்ப்பும் பஞ்சர் சாமானும் 450, பூட்டு 400, முன்பின் விளக்குகள் 700, மட்கார்டு 500. மலை சைக்கிளுக்கு மட்கார்டு, கேரியர், பெல், செயின் மூடி எதுவும் கூட வராது என்பது எங்களுக்குத் தெரியாது. செயின் மூடி இல்லாததால் சேலை கட்டிக்கொண்டு ஏறவே கூடாது. சுடிதார் பேண்ட் காலையும் ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி விடுகிறேன், துப்பட்டா வீட்டிலேயே இருக்கும்.

பின்னால் ஷாக் அப்சார்பர் வைத்ததை விட்டுவிட்டோம். மெக்கானிக் அண்ணன் சொன்ன காரணம் இது: விலை உயர்ந்த சைக்கிளில் அது நன்றாக வேலை செய்யும், இந்த விலையில் வருவது வெறும் ஸ்பிரிங். நாம் மிதிக்க மிதிக்க அது அமுங்கி அமுங்கி எழும்பி, நம் கால் பலத்தில் கொஞ்சத்தை அதுவே தின்றுவிடும். மெட்டு வரை தார் ரோடு, தேசிய நெடுஞ்சாலை 85. அதற்கு எதற்குப் பின்னால் ஸ்பிரிங்? எடை வேறு. டிஸ்க் பிரேக்கும் எடுக்கவில்லை. ரிம்மைப் பிடிக்கிற பவர் பிரேக் போதும் என்றோம், அதன் கட்டை எந்தக் கடையிலும் கிடைக்கும், மாற்றவும் நாமே பழகிக்கொள்ளலாம். டிஸ்க் மோசம் என்று சொல்லவில்லை. மழையில் அதுதான் நன்றாகப் பிடிக்கும். ஆனால் நாங்கள் மழையில் மலை ஏறப் போவதில்லையே.

டயரும் 26 இஞ்ச்தான். இப்போது 27.5, 29 என்று வருகிறது. நான் ஐந்தடி ஒரு அங்குலம், 29 இஞ்ச் சைக்கிளில் என்னை ஏற்றிவிட ஆள் வேண்டும்! அளவு விஷயத்தில் மட்டும் தயவுசெய்து கூச்சப்படாதீர்கள். இரண்டு காலையும் தரையில் ஊன்றி சைக்கிளின் பாருக்கு மேல் நின்று பாருங்கள். உடம்புக்கும் பாருக்கும் நடுவில் மூன்று நாலு விரல்கடை இடைவெளி வேண்டும். இவருக்கும் எனக்கும் ஒரே மாடல்தான், ஆனால் என்னுடையது சின்ன ஃபிரேம். கடையில் சின்ன ஃபிரேம் இல்லை, "சீட்டை இறக்கிக் குடுத்துடறேன்" என்றார்கள். நாங்கள் கேட்கவில்லை, ஒரு வாரம் காத்திருந்து வரவழைத்தோம். சீட்டை இறக்கினால் உயரம்தான் குறையும். ஹேண்டில் எட்டாது, முழங்காலும் மடங்கியே இருந்து வலி எடுக்கும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் சீட்டின் உயரம்.

இனி பிரேக். நாம் எல்லோரும் ஏறுவதைப் பற்றியே யோசிக்கிறோம். இறங்குவதுதான் ஆபத்து.

முதல் தடவை முந்தல் தாண்டி, புலியூத்து அருவிப் பக்கம் கொஞ்சம் ஏறிவிட்டுத் திரும்பினோம். இறங்க ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷம் என் விரல்கள் மரத்துவிட்டன. பிரேக் பிடி என் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. விரல் நுனியால்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். எதிரே எஸ்டேட் ஜீப் ஒன்று வளைவில் திரும்புகிறது, என்னால் அழுத்த முடியவில்லை. ஓரத்து மண்ணில் காலை இழுத்து இழுத்துத்தான் நிறுத்தினேன். செருப்பு அறுந்தது, நல்லவேளை அதோடு போயிற்று. இவர் ஓடி வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தார். அவர் கை அளவுக்கு என் கை முக்கால்தான். அன்றைக்குத்தான் அவருக்கே அது தெரிந்தது போலிருந்தது.

மெக்கானிக் அண்ணனிடம் போனால், பிரேக் பிடியின் அடியில் இருந்த சின்ன ஸ்க்ரூவைக் காட்டினார். திருகத் திருகப் பிடி கைக்குக் கிட்டே வருகிறது! இரண்டு நிமிஷ வேலை. விற்கும்போது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சகோதரிகளே, கடையிலேயே கேளுங்கள். நடுவிரலும் ஆள்காட்டி விரலும் முழுசாகப் பிடிமேல் மடங்க வேண்டும். எந்தப் பிடி எந்தச் சக்கரத்துக்கு என்பதையும் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்றும் அவர் சொன்னார். வளைவுக்குள் போய் பிரேக் பிடிக்காதே, வளைவு வருவதற்கு முன்பே நேர் ரோட்டில் வேகத்தைக் குறைத்துக்கொள். பிடித்தபடியே இறங்காதே, பிடி, விடு, பிடி, விடு. ரிம் கொதித்துவிடும், நாலைந்து வளைவுக்கு ஒருமுறை நின்று ஆறவிடு. இந்த மலை சைக்கிள் பிறந்த கதையிலேயே பிரேக் சூடு இருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் மரின் என்ற மாவட்டத்தில், 1970-களில் சில வாலிபர்கள் தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய் மண்பாதையில் இறக்கிப் பந்தயம் விட்டார்கள். முதல் பந்தயம் 1976 அக்டோபரில். பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கும் பிரேக் அது. ஒருமுறை இறங்குவதற்குள் உள்ளே இருக்கும் கிரீஸ் எல்லாம் சூட்டில் புகைந்து போய்விடும். ஒவ்வொரு தடவையும் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் வெண்டி கிராக் என்று ஒரு பெண்ணும் இருந்தார். அவர் எடுத்த போட்டோக்களால்தான் அந்தக் காலத்தை இன்றைக்கும் பார்க்க முடிகிறது.

மலை சைக்கிள் என்ற பெயரைக் கேட்டு காட்டுக்குள் போய்விடவும் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் தீ பிடித்து, ஏறப் போன பிள்ளைகள் கருகியதை எங்கள் ஊர் மறக்கவில்லை. வனத்துறை அனுமதி இல்லாமல் தார் ரோட்டை விட்டு ஒரு அடியும் இறங்குவதில்லை என்று நாங்களாகவே வைத்துக்கொண்டிருக்கிறோம். காலையில் கேரளாவில் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் விரையும். அதெல்லாம் போன பிறகுதான் கிளம்புவோம், அவை திரும்பும் முன்பே இறங்கிவிடுவோம்.

இரண்டு மாதம் ஞாயிறுதோறும் பழகினோம். முதலில் முந்தல், பிறகு மூன்று வளைவு, ஏழு வளைவு. போன மாதம்தான் மெட்டைத் தொட்டோம். நாலு மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினோம், பொய் சொல்லவில்லை. பதினொன்றாவது வளைவில் இவர் மூச்சு வாங்கி நின்றுவிட்டார். நான் சின்ன கியரில் ஆமை மாதிரி அவரைத் தாண்டிப் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை, சிரிப்பு வந்துவிடும் என்று பயம்! மேலே பனி. 27,000-ல் மிஞ்சியிருந்த 350 ரூபாயில்தான் டீயும் சூடாகப் பஜ்ஜியும். "அந்த ரோஸ் சைக்கிள வாங்கியிருந்தா, நான் மட்டும்தான் இங்க தனியா டீ குடிச்சிருப்பேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

ஒரு தொல்லை மட்டும் இன்னும் தீரவில்லை. சைக்கிளோடு வந்த சீட் குறுகலாக, ஆண்களுக்கென்றே செய்தது போல இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. அகலமான சீட் மாற்றினால் மிதிக்கும்போது தொடையில் உரசுகிறது. அதிக விலை இல்லாமல், பெண்களுக்குப் பொருந்துகிற சீட் மாற்றிப் பார்த்த சகோதரிகள் யாராவது இருந்தால் இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன்.

— ஒரு வாசகி, போடிநாயக்கனூர்.