உப்பளத்து வீட்டில் ஐஸ் ராணி

"ஏம்பா, இது எந்த ஊரு அளம்?"

படம் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. மரக்காணத்தில் பெரியம்மா வீடு. ஐப்பசி அடைமழை மூன்றாவது நாளாக விடவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதால் பேத்தி வீட்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்தாள். அவளை ஓரிடத்தில் உட்காரவைக்க, நான் கொண்டுபோயிருந்த லேப்டாப்பில் 'ஃப்ரோசன்' படத்தைப் போட்டேன். திரையில் உறைந்த ஏரி. ஆட்கள் வரிசையாக நின்று பாடிக்கொண்டே ரம்பத்தால் அறுக்கிறார்கள், கொக்கி மாட்டி இழுக்கிறார்கள், பாளம் பாளமாக வண்டியில் ஏற்றுகிறார்கள். நாற்பது வருஷம் உப்புக் கூடை சுமந்த பெரியம்மாவின் கண்ணுக்கு அது வேறெப்படித் தெரியும்?

"அளம் இல்ல ஆயா, ஐஸு" என்றாள் பேத்தி.

"ஐஸ் அறுக்க எதுக்குடி இத்தினி ஆளு? அந்த ஊர்ல ஐஸ் பேக்டரி இல்லியா?"

இந்தக் கரையில் ஐஸ் என்றால் மீனுக்குப் போடுகிற ஐஸ்தான். பேக்டரியிலிருந்து நீளக் கட்டியாக வரும், உடைத்து நொறுக்கி மீன் பெட்டியில் அள்ளிப் போடுவார்கள். ஏரியில் அதுவாக விளையும், மனிதர் போய் அறுவடை செய்து வரவேண்டும் என்பதை அவர் நம்பவே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கையில உறை போட்டிருக்கானுவளே, நல்ல முதலாளி போல" என்றார்.

அவர் நம்பாத அந்தத் தொழிலுக்கு நம் ஊரிலேயே ஒரு சாட்சி நிற்கிறது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம் 1842 வாக்கில் கட்டப்பட்டது ஐஸ் சேமிப்பதற்காகத்தான். கட்டியவர் பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர். 'ஐஸ் ராஜா' என்றே அவருக்குப் பட்டப்பெயர். குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் அமெரிக்க ஏரிகளை ஆள் வைத்து அறுப்பார், மரத்தூளில் பொதிவார், கப்பலேற்றிவிடுவார். 1833இல் இந்தியாவுக்கான முதல் சரக்கு நாலு மாதம் கடலில் கிடந்து கல்கத்தா போய்ச் சேர்ந்தது. பிறகு பம்பாய், சென்னை. இலங்கையைச் சுற்றிக்கொண்டு சென்னைக்கு வந்த அந்தக் கப்பல்கள் மரக்காணத்துக்கு எதிர்க் கடல் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தெரிந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. இப்போது ஐஸ் ஹவுஸ் என்பது பேட்டையின் பெயர் மட்டும்.

டியூடரின் ஐஸ் வந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1844 டிசம்பரில், டென்மார்க்கில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 'பனி ராணி' கதையை வெளியிட்டார். ஒரு பூதம் செய்த மாயக்கண்ணாடி உடைந்து, அதன் சில்லு காய் என்ற பையனின் கண்ணிலும் நெஞ்சிலும் தைத்துவிடுகிறது. அவனைப் பனி ராணி கொண்டுபோய்விட, தோழி கெர்டா தேடிக்கொண்டு வடகோடிவரை போகிறாள். ராணியின் மாளிகையில் பையன் ஐஸ் துண்டுகளைச் சேர்த்து ஒரு சொல்லை எழுத முயன்றபடி உட்கார்ந்திருக்கிறான். எழுதி முடித்தால் உலகம் முழுவதையும் தருவதாக ராணி வாக்களித்திருக்கிறாள், கூடவே புதிதாக ஒரு ஜோடி சறுக்குக் காலணியும். உலகத்தோடு காலணியையும் சேர்த்துக் கொடுக்கத் தோன்றியதே, அங்கேதான் ஆண்டர்சன் எனக்குப் பிடித்தவராகிறார்.

அந்தக் கதையிலிருந்து பிறந்த 'ஃப்ரோசன்' படத்தில் இதெல்லாம் கிடையாது. வால்ட் டிஸ்னி காலத்திலேயே அந்தக் கதையைத் தொட்டுப் பார்த்தார்கள், கைகூடவில்லை. ராணியைக் கெட்டவளாக வைத்தே பல வருஷம் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் பாடலாசிரியத் தம்பதி கிறிஸ்டன் ஆண்டர்சன்-லோபெஸும் ராபர்ட் லோபெஸும் 'லெட் இட் கோ' பாடலைக் கொண்டுவந்து கொடுத்ததும், இவ்வளவு உருக்கமாகப் பாடுகிறவள் எப்படி வில்லியாக இருப்பாள் என்று கதையையே புரட்டிப் போட்டார்கள். ராணி எல்சா ஆனாள், அவளைத் தேடிப்போகிறவள் தங்கை அன்னா ஆனாள். மூலக்கதைக்கு நெருக்கமாக வேண்டுமென்றால் 1957இல் சோவியத் இயக்குநர் லேவ் அத்தமானவ் எடுத்த 'பனி ராணி' இருக்கிறது. ஜப்பானின் ஹயாவோ மியாசாகியை அனிமேஷன் தொழிலில் நிலைக்கவைத்த படங்களில் அது ஒன்று. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய படம். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் அதைப் போட்டிருந்தால் பேத்தி பத்தாவது நிமிடத்தில் எழுந்து போயிருப்பாள்.

ஓடியது ஆங்கிலப் பிரதி. அதனால் என்ன? தெருக்கூத்து ஊறிய மாவட்டமல்லவா, கட்டியங்காரன் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். 2019இல் வந்த இரண்டாம் பாகத்தைத் தமிழில் மனப்பாடம் ஆகும்வரை பார்த்திருக்கிறாள். எல்சாவுக்கு ஸ்ருதிஹாசன், அன்னாவுக்கு டிடி, பனிப்பொம்மை ஓலாஃபுக்கு சத்யன் பேசியது. அந்தக் குரல்களை அப்படியே தன் தொண்டைக்குக் கொண்டுவந்து, முதல் பாகத்துக்கு அவளே வசனம் எழுதிப் பேசினாள். "இப்ப பனி கொட்டப்போவுது பாரு ஆயா!"

"பனியா அது? அதுவா கொட்டும்?"

பெரியம்மா கேட்டது நியாயம். மரக்காணத்தில் பனி கொட்டாது, பெய்யும். மார்கழி விடியலில் அளத்துக்குப் போகும்போது தலையில் இறங்கும், முந்தானையை இழுத்து மூடிக்கொள்வார்கள், வெயில் ஏறியதும் போய்விடும். 'பனி' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அந்த வெள்ளைப் பொதியையும் நாம் மொழிபெயர்க்கிறோம். பேத்தி வம்பே வேண்டாமென்று எல்லாவற்றுக்கும் ஐஸ் என்றாள். ஐஸ் மழை, ஐஸ் மாளிகை, ஐஸ் ராணி.

அன்னா இடுப்பளவுப் பனியில் தட்டுத்தடுமாறி நடக்கும் இடத்தில் பெரியம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "கால் பொதையிறது சரியா கீது. பாவாடையைத் தூக்கிச் செருகிட்டுப் போவலாமில்ல?" படம் எடுத்தவர்களுக்கும் இதே கவலைதான் இருந்திருக்கிறது. அனிமேஷன் குழுவினர் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துக்குப் போய், ஆண்கள் உட்பட நீளப் பாவாடை கட்டிக்கொண்டு, ஆழமான பனியில் விழுந்து எழுந்து நடந்து பார்த்தார்கள். பனி கட்டியும் இல்லை, நீரும் இல்லை. அமுக்கினால் உருண்டையாகும், தள்ளினால் சரியும். அதன் கணக்கைக் கணினிக்குப் புரியவைக்க, கணித அறிஞர்களைச் சேர்த்துக்கொண்டு தனி மென்பொருளே எழுதினார்கள். பாத்தியிலிருந்து வாரிய ஈர உப்பும் அப்படித்தான். பலகைக்கு முன்னால் கட்டியாக ஒட்டிக்கொண்டு வரும், குவியலில் கொட்டினால் சரசரவென்று சரியும். பெரியம்மா பார்வையிலேயே தேர்வு வைத்து அந்த மென்பொருளுக்கு மார்க் போட்டுவிட்டார்.

படத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தது ஓலாஃபைப் பார்த்து அல்ல, மலைக்கடைக் காட்சியில். எல்சாவின் மாயத்தால் நடுக்கோடையில் ஊரே உறைந்துவிட்டது. கடைக்காரன் குளிர்காலச் சரக்குக்கு நாலு மடங்கு விலை சொல்கிறான். ஐஸ் விற்றுப் பிழைக்கும் கிறிஸ்டாஃப் முறைக்கிறான்: ஊரெல்லாம் ஐஸாகக் கிடக்கும்போது அவன் ஐஸை யார் வாங்குவார்கள்? பேத்தி விளக்கி முடிப்பதற்குள் பெரியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. நல்ல வெயில் அடித்து எல்லாப் பாத்தியும் விளைந்த வருஷம் வியாபாரி கேட்கிற விலைக்குக் கொடுக்க வேண்டும். விலை ஏறும் வருஷமோ, மழை வந்து கரைத்துவிட்டுப் போன வருஷமாக இருக்கும். "அந்தப் புள்ளையும் நம்மாளுதான்" என்றார்.

'ஃப்ரோசன்' இரண்டு பாகமும் வெளியானது நவம்பரில். அங்கே அது விடுமுறைக் காலத் தொடக்கம். இங்கே பாத்தியெல்லாம் மழைத்தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் மாதம். போன பருவத்து உப்பு கரைமேட்டில் ஓலையும் தார்ப்பாயும் போர்த்திக் குவிந்திருக்கும். வேலையில்லாத அந்த மாதங்களுக்கென்று உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்கும் திட்டத்தை அரசு 2022இல் கொண்டுவந்தது. தை பிறந்த பிறகுதான் தண்ணீரை இறைத்து, சேற்றை வழித்து, பாத்தியைக் காலால் மிதித்து இறுக்கும் வேலை தொடங்கும். இது இன்று நேற்றுத் தொழில் இல்லை. சங்க நூலான சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்பார்கள். பாடிய நத்தத்தனாரும் பக்கத்து இடைக்கழிநாட்டுக்காரர்தான்.

எனக்குப் படத்தின் மீது ஒரு வருத்தம் உண்டு. ஐஸ் அறுக்கிற ஆட்களின் பாட்டோடு தொடங்குகிறது, அரண்மனைக் கதவு திறந்ததும் அவர்களை மறந்துவிடுகிறது. கிறிஸ்டாஃப் ஒருவன்தான் மிச்சம். மற்றவர்கள் எங்கே போனார்கள்?

இடையில் பேத்தி தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், படம் விட்டுவிட்ட கண்ணாடிச் சில்லுக் கதையைப் பெரியம்மாவுக்குச் சொன்னேன். சில்லு கண்ணில் தைத்தவனுக்கு நல்லதெல்லாம் அசிங்கமாகத் தெரியும் என்றேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். சித்திரை வெயிலில் பாத்தியிலிருந்து எழும் வெளிச்சம் அவர் பார்வையை எப்போதோ மங்கவைத்துவிட்டது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அளத்தில் நின்றவர்களை அவர் காலத்தில் யாரும் பார்த்ததில்லை. "வெள்ளையைப் பாத்துப் பாத்து எனக்கும் அதான் தெச்சிது. ஆனா எனக்கு அசிங்கமா ஒண்ணும் தெரியல, எல்லாம் புகையாத்தான் தெரியுது."

கடைசியில் கிறிஸ்டாஃபுக்குப் புது வண்டி கிடைக்கிறது, கூடவே அரண்மனைக்கு ஐஸ் கொண்டுவரும் அதிகாரப்பூர்வப் பதவியும்.

"கவர்மெண்டு வேலையா?" என்றார் பெரியம்மா.

"ஆமா ஆயா."

"பென்ஷன் வருமா கேளு."

மூடிவைத்த லேப்டாப்பைப் பார்த்தபடி பேத்தி கேட்டாள்: "ஆயா, எல்சா நம்ம ஊருக்கு வந்தா மாளிகை கட்டுவாளா?" பெரியம்மா பதில் சொல்லவில்லை. எழுந்துபோய் பிரிட்ஜிலிருந்து ஒரு ஐஸ் கட்டியைத் தட்டில் எடுத்துவந்து, ஜாடியிலிருந்து ஒரு பிடி கல் உப்பை அதன் தலையில் வைத்தார். மெல்லிசாக 'நெறுநெறு'வென்று சத்தம் கேட்டது. உப்பு உட்கார்ந்த இடமெல்லாம் குழி விழுந்து, தண்ணீர் ஓரமாக வழிந்தது. பேத்தி தட்டின்மேல் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள்.

"வர சொல்லு. ஆனா அளத்துப் பக்கம் கட்ட வேணான்னு சொல்லு" என்றார் பெரியம்மா.