கோட்டை இல்லை சார்... கடை!

மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைப் பக்கமாக வண்டியை விட்டால் முதலில் உப்பளங்கள். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்போரம் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். அதெல்லாம் கடந்து, இருபது கிலோமீட்டருக்குள் கடப்பாக்கம். அங்கே வலது பக்கம் கடலைப் பார்த்துத் திரும்பினால், கழி ஓரத்தில் இடிந்து நிற்கிறது ஒரு செங்கல் மதில். ஆலம்பரைக் கோட்டை!

கூட வந்த என் மைத்துனர் கோட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவருக்கு ஒரே கவலை.

"மாப்ளே, ராஜா தர்பார் எங்கே? அந்தப்புரம் எங்கே?"

ராஜாவே இல்லையே... எங்கிருந்து வரும் அந்தப்புரம்? மதில், கொத்தளம் எல்லாம் பார்த்து ஜனங்கள் ஏமாந்து போகிறார்கள். பி.காம். படித்தவன் கண்ணால் பார்த்தால் இது ஒரு வியாபாரக் கட்டடம். சரக்கு ஏற்றும் துறை, நாணயம் அடிக்கும் சாலை, இரண்டுக்கும் சேர்த்து ஒரு காம்பவுண்டுச் சுவர். பெட்டிக்கடையில் கல்லாவுக்குப் பூட்டுப் போடுவதில்லையா? அது மாதிரி. கொஞ்சம் பெரிய பூட்டு... பதினைந்து ஏக்கர்!

1736-லிருந்து 1740-க்குள், ஆற்காடு நவாப் தோஸ்து அலிகான் காலத்தில் எழுந்த மதில் இது. செங்கல்லும் சுண்ணாம்பும்தான். கோட்டையிலிருந்து கடலுக்குள் சுமார் நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு படகுத்துறை இருந்திருக்கிறது. ஜரிகைத் துணி, உப்பு, நெய் எல்லாம் இங்கிருந்து கப்பல் ஏறின.

சரி, துறைமுகத்தில் எதற்கு தங்கசாலை? இங்கேதான் விஷயமே இருக்கிறது. அந்தக் காலத்து வெள்ளைக்காரனிடம் நம் துணியை வாங்க, மாற்றாகக் கொடுக்கும்படி பெரிதாகச் சரக்கு எதுவும் கிடையாது. வெள்ளியைத்தான் கப்பலில் கொண்டு வந்தான். வெறும் வெள்ளிக் கட்டியை நெசவாளியிடம் நீட்டினால் செல்லுமா? நவாப் முத்திரை விழுந்தால்தான் ரூபாய். ஆகவே வெள்ளி வந்து இறங்கும் இடத்திலேயே அதைக் காசாக்கும் பட்டறை. ஒவ்வொரு நூறு காசுக்கும் அடிகூலி, நவாபின் பங்கு என்று பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். வேறு சாலையில் அடித்த காசு என்றால் சராப்புக் கடைக்காரர் 'வட்டம்' என்று சொல்லி இன்னும் கொஞ்சம் கழிப்பார். (இன்றைக்கு கார்டு தேய்த்தால் இரண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா கேட்கிறாரே நம்ம கடைக்காரர்... அவருக்குப் பாட்டனார் அந்த சராப்பு!)

இங்கே அடித்த ஆலம்பரை வராகனுக்கு அந்தக் காலத்தில் தனிப் பெயர். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால் ஆலம்பரை என்ற பெயர் அடிக்கடி தட்டுப்படும்.

அப்புறம் வந்தது போட்டி. அதே தோஸ்து அலி 1736-ல் புதுச்சேரி பிரெஞ்சு கவர்னர் துய்மாவுக்கும் ரூபாய் அடிக்கும் உரிமையைக் கொடுத்தார். 1742-ல் சென்னை இங்கிலீஷ்காரர்களும் ஆற்காட்டு ரூபாய் அடிக்க அனுமதி வாங்கிவிட்டார்கள். வடக்கே ஒரு கடை, தெற்கே ஒரு கடை, நடுவில் ஆலம்பரை. இரண்டு பெரிய ஜவுளிக்கடைக்கு நடுவே மாட்டிய சின்னக் கடையின் கதி என்ன ஆகும் என்று எந்தக் கடைத்தெருவிலும் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

1750-ல் தக்காண சுபேதார் முசாபர் ஜங், தனக்குச் செய்த உதவிக்காக துப்ளேக்கு ஆலம்பரையை இனாமாகக் கொடுத்தார். பத்து வருஷம்தான். 1760-ல் இங்கிலீஷ்காரர்கள் வந்து பிடித்து, இடித்துத் தள்ளினார்கள். அடுத்த வருஷம் புதுச்சேரிக்கும் அதே கதி.

புதுச்சேரி மறுபடி எழுந்தது. ஆலம்பரை ஏன் எழவில்லை? எனக்குத் தோன்றுவது இதுதான்: கடைத்தெரு வேறு பக்கம் போய்விட்டது. இந்தக் கரைக்கு அன்றைக்கு மெயின் ரோடு கடல். பிறகு அது கால்வாய் ஆயிற்று. 1878-ல் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைப் பெற்ற அந்தக் கால்வாய் மரக்காணம் வரைக்கும் நீளுகிறது. உப்பும் சவுக்கு விறகும் படகில் சென்னைக்குப் போயின. 1990-களின் கடைசியில் ஈ.சி.ஆர். வந்தது, எல்லாம் லாரிக்கு மாறிவிட்டது. மரக்காணத்து உப்பு மூன்று தெருவையும் பார்த்துவிட்டது. தங்கசாலை முதல் தெருவிலேயே நின்றுவிட்டது.

இந்தப் பக்கத்துப் பேரூராட்சிக்குப் பெயர் இடைக்கழிநாடு. கடலுக்கும் கழிக்கும் இடையே கிடக்கிற நாடு! சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனாரை இடைக்கழிநாட்டுக்காரர் என்றே சொல்வார்கள். அவர் அதில் சொல்லும் எயிற்பட்டினம் நம்ம மரக்காணம்தான் என்பது அறிஞர்கள் கருத்து. ஆக, ஆலம்பரைக்கு முன்னாலேயே இங்கே வியாபாரம் ஜோராக நடந்திருக்கிறது!

2004 டிசம்பர் சுனாமி மதிலை இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டது. மிச்சத்தை வாங்குவது நம்ம ஆட்கள். மேலே ஏறி செல்ஃபி, செங்கல்லில் ஆணியால் காதலி பெயர். சுண்ணாம்புக் காரை பொலபொலவென்று உதிர்கிறது, பார்க்கவே வயிற்றைக் கலக்குகிறது. போகிறவர்கள் தயவுசெய்து கீழேயே நின்று பாருங்கள். வெயில் தாழ்ந்ததும் கழியில் படகு கிடைத்தால், தண்ணீருக்குள் சரிந்து கிடக்கும் மதில் பக்கமாக ஓட்டச் சொல்லுங்கள். வெள்ளி வந்து இறங்கியது அந்தப் பக்கமாகத்தான்.