கூட்டாளி மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால் கடன் யார் தலையில்?

திருப்பூரில் இருவர் ஆளுக்குப் பாதி என்று பத்திரம் எழுதி பனியன் கம்பெனி நடத்துவதாக வைத்துக்கொள்வோம். நூல் வாங்கிய பாக்கி 20 லட்சம். ஒருவர் மஞ்சள் நோட்டீஸ், அதாவது திவால் மனு, கொடுத்துவிடுகிறார். ‘என் பங்குக்கு 10 லட்சம்தானே’ என்கிறார் மற்றவர். நூல் வியாபாரியின் வக்கீல் போடும் கணக்கு வேறு. 20 லட்சத்தையும் இவரிடமே கேட்கலாம்.

1932-ம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 25-வது பிரிவு அப்படி. ஒருவர் கூட்டாளியாக இருந்த காலத்தில் கம்பெனி பட்ட கடனுக்கு எல்லோரும் சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாகவும் பொறுப்பு. பாதிக்குப் பாதி என்பது அவர்களுக்குள் பேசிக்கொண்டது. கடன் கொடுத்தவரைக் கட்டுப்படுத்தாது. கம்பெனிச் சொத்து போதாவிட்டால் சொந்த வீடுவரை ஜப்தி வரலாம்.

திவால் வழக்குகளுக்குச் சென்னையில் 1909-ம் ஆண்டுச் சட்டம், மற்ற மாவட்டங்களில் 1920-ம் ஆண்டுச் சட்டம். இரண்டிலும், திவாலானவரைக் கோர்ட் கடனிலிருந்து விடுவித்தாலும் கூட்டாளிக்கு விடுதலை இல்லை. கூடுதலாகக் கட்டிய 10 லட்சத்தை அவரிடம் கேட்க உரிமை உண்டுதான். மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தவரிடம் என்ன தேறும்?

மனுப் போட்ட நாளும், திவால் என்று கோர்ட் அறிவிக்கும் நாளும் ஒன்றல்ல. பலர் கோட்டை விடுவது இங்கேதான். கூட்டாண்மைச் சட்டத்தின் 34-வது பிரிவின்படி அந்த உத்தரவு வந்த நாளில்தான் அவர் கூட்டாளி இல்லை என்றாகிறார். இடைப்பட்ட காலத்தில் கம்பெனி பெயரில் அவர் கையெழுத்துப் போட்டு எடுக்கும் சரக்கும் உங்கள் கணக்கில் ஏறலாம். அவர் தனிக் கையெழுத்தில் பணம் எடுப்பதை நிறுத்தச் சொல்லி பேங்குக்கு, மனுப் போட்ட அன்றைக்கே எழுதிக் கொடுப்பது நல்லது. உத்தரவு வந்துவிட்டால், பத்திரத்தில் வேறு ஏற்பாடு இல்லாதபட்சத்தில், கூட்டே கலைந்துவிடும்.

அவருடைய சொந்தக் கடன் தனி. மகள் கல்யாணத்துக்கு அவர் வாங்கிய கடனுக்கு, நீங்கள் ஜாமீன் போட்டிருந்தாலொழிய, உங்கள் வீட்டைத் தொட முடியாது. கம்பெனியில் அவருக்குச் சேரவேண்டிய பங்கின் மீது மட்டுமே பாத்தியம். அதுவும் கம்பெனிக் கடன் தீர்ந்து மிஞ்சினால்.

2008-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவான எல்.எல்.பி. (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை) என்றால் பிழைத்தீர்கள், கம்பெனிக் கடன் சொந்தச் சொத்துக்கு வராது. ஆனால் பேங்க் லோனுக்குப் பர்சனல் கியாரண்டி கொடுத்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

இந்தக் கூட்டே வேண்டாமென்று முன்னதாக விலகுபவர், பழைய கடன்களிலிருந்து தப்ப முடியாது. புதிய கடன் சேராமலிருக்க அரசிதழிலும் உள்ளூர்த் தமிழ்ப் பத்திரிகையிலும் அறிவிப்பு வேண்டும். பதிவான கூட்டு என்றால் பதிவாளருக்கும் தெரிவிக்க வேண்டும். ஜி.எஸ்.டி. ஆணையருக்கு ஒரு மாதத்துக்குள் எழுத்து மூலம் சொல்லாவிட்டால், சொல்லும் நாள்வரை வரிப் பாக்கியும் தொடரும்.