ஆய்வுக் கட்டுரைகளில் மேற்கோள் சுட்டுதல்

மேற்கோள் சுட்டுதல் என்பது, ஓர் ஆய்வுக் கட்டுரையில் எடுத்தாளப்படும் கருத்துகளும் தரவுகளும் எந்த மூலத்திலிருந்து பெறப்பட்டன என்பதை வாசகருக்கு முறைப்படி தெரிவிப்பதாகும். இதற்கு இரண்டு உறுப்புகள் உண்டு. கருத்து வரும் இடத்திலேயே இடப்படும் சுருக்கமான குறிப்பு உரைச்சுட்டு எனப்படும். கட்டுரையின் இறுதியில் முழு விவரங்களுடன் தரப்படுவது உசாத்துணைப் பட்டியல் எனப்படும். ஒவ்வோர் உரைச்சுட்டுக்கும் பட்டியலில் ஒரு பதிவு இருக்க வேண்டும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பதிவும் உரையில் ஓரிடத்திலாவது சுட்டப்பட்டிருக்க வேண்டும்.

பிறருடைய உழைப்பை அவருடையது என்று ஒப்புக்கொள்வதும், வாசகர் மூலத்தைத் தேடிச் சரிபார்க்க வழி செய்வதும் மேற்கோளின் நோக்கங்கள். யூஜின் கார்ஃபீல்டு 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்ட பின்னர், ஒரு கட்டுரை எத்தனை முறை சுட்டப்பட்டது என்று எண்ணும் வழக்கம் பரவியது. பணி நியமனம், பதவி உயர்வு போன்றவற்றிலும் இன்று அந்த எண்ணிக்கை பார்க்கப்படுகிறது. எனவே பட்டியலில் ஒரு பெயர் தவறாக எழுதப்பட்டால், அதற்குரியவர் இழப்புக்கு ஆளாக நேரிடும்.

முக்கிய நடைகள்

மேற்கோள் நடைகள் பல இருப்பினும் அவற்றைப் பெரும்பாலும் மூன்று வகைகளில் அடக்கலாம்.

ஆசிரியர்-ஆண்டு முறை: உரையில் ஆசிரியர் பெயரும் வெளியான ஆண்டும் அடைப்புக்குறிக்குள் தரப்படும். ஆர்வர்டு பல்கலைக்கழக விலங்கியலாளர் எட்வர்டு லாரன்ஸ் மார்க் 1881-இல் எழுதிய கட்டுரை இம்முறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அமெரிக்க உளவியல் கழகத்தின் ஏ.பி.ஏ. நடை இவ்வகையைச் சேர்ந்தது. 1929-இல் சிறிய வழிகாட்டுதலாகத் தோன்றிய அந்நடையின் ஏழாம் பதிப்பு 2019-இல் வெளிவந்தது.

எண் முறை: உரையில் எண் மட்டும் இடப்படும், பட்டியல் அவ்வெண்களின் வரிசையில் அமையும். மருத்துவ இதழ்களில் பரவலாக உள்ள வான்கூவர் நடை, 1978-இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய இதழாசிரியர்கள் வகுத்த விதிகளிலிருந்து வளர்ந்தது.

அடிக்குறிப்பு முறை: மூலத்தின் விவரம் பக்கத்தின் அடியில் தரப்படும். வரலாறு போன்ற துறைகளில் இது மிகுதி. 1906-இல் முதன்முதலாக வெளிவந்த சிகாகோ நடைக் கையேடு இம்முறையையும் ஆசிரியர்-ஆண்டு முறையையும் விளக்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

இராமன் விளைவு பற்றி சி. வி. இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் எழுதிய கட்டுரை 1928 மார்ச் 31 அன்று நேச்சர் இதழில் வெளியானது. ஏ.பி.ஏ. நடையில் அதன் பதிவு பின்வருமாறு அமையும்:

இராமன், சி. வி., & கிருஷ்ணன், கே. எஸ். (1928). ஒரு புதுவகை இரண்டாம்நிலைக் கதிர்வீச்சு. நேச்சர், 121(3048), 501–502.

இதில் 121 என்பது தொகுதி எண், 3048 என்பது இதழ் எண், இறுதியில் உள்ளவை பக்க எண்கள். இதழின் பெயரும் தொகுதி எண்ணும் சாய்வெழுத்தில் அமையும். வான்கூவர் நடையில் இதே விவரங்கள் வேறு வகையில் வரும்:

1. இராமன் சிவி, கிருஷ்ணன் கேஎஸ். ஒரு புதுவகை இரண்டாம்நிலைக் கதிர்வீச்சு. நேச்சர். 1928;121:501-2.

இரண்டிலும் விவரங்கள் ஏறத்தாழ ஒன்றே. வரிசையும் நிறுத்தக்குறிகளும் மாறுகின்றன. ஆகவே ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, இதழ், தொகுதி, பக்கம் ஆகியவற்றை மூலத்தைப் பார்த்துச் சரியாகக் குறித்து வைத்துக்கொண்டால், எந்த இதழின் நடைக்கும் பின்னர் மாற்றிக்கொள்ளலாம்.

தமிழ்ப் பெயர்களில் நேரும் சிக்கல்

மேற்கண்ட நடைகள், குடும்பப் பெயர் உடையவர்களை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை. பெரும்பாலான தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தலைப்பெழுத்து தந்தை பெயரையோ ஊரின் பெயரையோ குறிக்கும். உ. வே. சாமிநாதையர் என்பதில் "உ" உத்தமதானபுரம் என்ற ஊர். "வே" தந்தையாரான வேங்கடசுப்பையர். சி. வி. இராமன் என்பதில் இராமன் குடும்பப் பெயரன்று. வேங்கடராமன் என்ற அவரது சொந்தப் பெயரின் பிற்பகுதி. தலைப்பெழுத்துடன் எழுதப்பட்டதால் இப்பெயர்கள் பட்டியலிலும் இயல்பாகப் பொருந்துகின்றன.

தலைப்பெழுத்து விரித்து எழுதப்படும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. முருகன் என்பவரின் மகள் கயல்விழி என்று கொள்வோம். "மு. கயல்விழி" என்று எழுதிய கட்டுரை "கயல்விழி, மு." என்று பதிவாகும். கடவுச்சீட்டில் உள்ளபடி "கயல்விழி முருகன்" என்று எழுதினால், அடுத்த கட்டுரை "முருகன், க." என்று பதிவாகும். உரைச்சுட்டிலும் தந்தையின் பெயரே நிற்கும். திருமணத்திற்குப் பின் கணவர் பெயரைச் சேர்த்தால் மூன்றாவது வடிவமும் தோன்றும். ஒருவருடைய உழைப்பு மூன்று பேருடையதாகக் கணக்கிடப்படக்கூடும். முருகன் என்ற தந்தை பெயருடைய வேறொருவரின் கட்டுரைகள் இவருடையவற்றோடு கலந்துவிடவும் கூடும்.

இதைத் தவிர்க்க, ஆய்வாளர் முதல் கட்டுரையிலேயே பெயரின் ஒரு வடிவத்தைத் தேர்ந்து இறுதிவரை அதையே பயன்படுத்துவது நல்லது. 2012-இல் தொடங்கப்பட்ட ஆர்கிட் அமைப்பு வழங்கும் 16 இலக்க அடையாள எண், பெயர் மாறினாலும் ஆளை அடையாளம் காட்டும். மேற்கோள் காட்டுபவர், அவ்வாசிரியர் தம் பிற கட்டுரைகளில் எவ்வாறு எழுதுகிறார் என்பதைப் பார்த்துக்கொள்ளலாம். சோடேரோ போன்ற மென்பொருள்களில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் சொந்தப் பெயரையும், மற்றதில் தலைப்பெழுத்தையும் இட்டால் பதிவு சரியாக அமையும்.

பழந்தமிழ் நூல்களும் தமிழ் மூலங்களும்

சங்க நூல்களுக்குப் பல பதிப்புகள் இருப்பதால் பக்க எண்ணை மட்டும் தருவது போதாது. புறநானூற்றுக்குப் பாடல் எண்ணும் அடி எண்ணும், திருக்குறளுக்குக் குறள் எண்ணும் தரப்படும். பயன்படுத்திய பதிப்பு எது என்பது பட்டியலில் இடம்பெறும். பாடவேறுபாட்டை ஆராயும் கட்டுரைக்கு இவ்விவரம் இன்றியமையாதது. ஆங்கில இதழுக்கு எழுதும்போது, தமிழ்த் தலைப்பை ஒரே ஒலிபெயர்ப்பு முறையில் உரோமன் எழுத்தில் தந்து, அதன் மொழிபெயர்ப்பைச் சதுர அடைப்புக்குள் சேர்ப்பது வழக்கம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் ஒலிபெயர்ப்பு முறை பலராலும் பின்பற்றப்படுகிறது.

அனுப்பும் முன் சரிபார்க்க வேண்டியவை

முதலில் இதழின் ஆசிரியர்களுக்கான வழிகாட்டுதலைப் படிக்க வேண்டும். பிறகு உரைச்சுட்டுகளையும் பட்டியலையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, பெயரின் எழுத்தும் ஆண்டும் இரண்டிலும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கட்டுரைக்கு டி.ஓ.ஐ. எனப்படும் நிலையான இணைய அடையாள எண் இருந்தால், அதைத் திறந்து உரிய கட்டுரைக்கே செல்கிறதா என்று பார்ப்பது பயன் தரும். மென்பொருள் உருவாக்கும் பட்டியலிலும் பக்க எண் விடுபடுதல், பெயர் முன்பின்னாக மாறுதல் போன்ற பிழைகள் நேர்வதுண்டு. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள், இல்லாத கட்டுரைகளுக்கும் உண்மை போலவே பதிவுகளை எழுதித் தருவதுண்டு.

தாம் நேரில் படிக்காத நூலைப் படித்ததுபோல் சுட்டுவது முறையன்று. வேறொரு நூலின் வழியாக ஒரு கருத்தை அறிந்திருந்தால், அந்த இடைநூலைக் குறிப்பிட்டே எழுத வேண்டும். இடைநூலில் பக்கமோ ஆண்டோ தவறாக இருந்தால், அப்பிழை அடுத்தடுத்த கட்டுரைகளுக்கும் பரவாமல் இருக்க இது உதவும்.