தோள் வலிக்கு வயிற்றில் ஸ்கேனா?



திருவானைக்காவல் பக்கம் வாழைத் தோப்பு வேலைக்குப் போகும் நம் அக்கா ஒருவருக்கு வலது தோள்பட்டையில் வலி. "தார் தூக்கித் தூக்கியே இப்படி ஆயிடுச்சு" என்று தைலம் தேய்த்தார், ஒத்தடம் கொடுத்தார், கடையில் மாத்திரை வாங்கிப் போட்டார். விசேஷ வீட்டில் வடை, பஜ்ஜி சாப்பிட்ட ராத்திரிகளில் வலி கூடியது. அதை யாரும் கவனிக்கவில்லை, நாமும்தான். கடைசியில் டாக்டர் வயிற்றுக்கு ஸ்கேன் எழுதினார். "தோள் வலிக்கு வயித்துல எதுக்கு?" என்று அக்காவுக்குக் கோபம். எடுத்துப் பார்த்தால் பித்தப்பையில் கல்!

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசை இருக்கிறது. அதற்கான நரம்பும், தோள்பட்டையின் உணர்ச்சி நரம்பும் கழுத்தில் ஒரே பக்கத்திலிருந்து கிளம்புகின்றன. அதனால் உதரவிதானத்துக்கு அடியில் உறுத்தினால், மூளை அதைத் தோள் வலி என்று எடுத்துக்கொள்கிறது. கையை எப்படி அசைத்தாலும் வலி கூடவோ குறையவோ இல்லையென்றால், கோளாறு வேறு இடத்தில் இருக்கலாம்.

ஸ்கேன் என்றாலே நமக்குக் கர்ப்பம்தான் ஞாபகம் வரும். அதே அல்ட்ரா சவுண்ட் மெஷின்தான் தோளுக்கும். வினாடிக்கு 20,000 அதிர்வுக்கு மேல் போகும், காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி, எதிரொலியைப் படமாக்குகிறது. எக்ஸ்ரே போலக் கதிர்வீச்சு இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகத் தெரியும், தசைநார் கிழிசல் தெரியாது. ஸ்கேனில் கிழிசல், சுண்ணாம்புப் படிவு, நீர் கோர்த்தது, சில சமயம் நரம்பை அழுத்தும் நீர்க்கட்டிகூடத் தெரியும். கையை அசைக்கச் சொல்லி, அசையும்போதே பார்க்கலாம். எலும்புக்கு உள்ளே பார்க்க இது உதவாது, அதற்கு எம்.ஆர்.ஐ. தோள் இறுகி, ரவிக்கை கொக்கி போடக் கை பின்னால் போகவில்லை என்றால், சர்க்கரையும் பரிசோதியுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும்.

இதைக் கட்டாயம் படியுங்கள். மாதவிலக்கு தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்று வலி, மயக்கம், கூடவே தோள் நுனியில் வலி வந்தால், கரு குழாயில் தங்கி வெடித்து உள்ளே ரத்தம் கசிவதாக இருக்கலாம். கு.க. ஆபரேஷன் செய்தவர்களும் "எனக்கெல்லாம் வராது" என்று இருக்கக் கூடாது. அபூர்வமாக அதற்குப் பிறகும் கரு தங்குவதுண்டு, அது குழாயில் தங்கும் வாய்ப்பும் அதிகம். காலை வரை காத்திருக்க வேண்டாம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். நெஞ்சு இறுக்கம், வியர்வையோடு தோளும் கையும் வலித்தாலும் அப்படியே. அங்கே முதலில் வேண்டியது ஸ்கேன் இல்லை, இ.சி.ஜி.

திருச்சி புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கோ, வேறெங்கோ போனாலும், வலி எப்போது வருகிறது, சாப்பாட்டுக்குப் பின்னா, கை தூக்கும்போதா, கடைசி மாதவிலக்கு என்றைக்கு என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். தோள் ஸ்கேனுக்குச் சாப்பிட்டுவிட்டே போகலாம். பித்தப்பை பார்க்க வேண்டுமென்றால் வெறும் வயிறு வேண்டும், காலை டீயும் கூடாது. அக்கா டீ குடித்துவிட்டுப் போய், மறுநாள் இன்னொரு கூலியை விட்டுத்தான் எடுத்து வந்தார்.